சங்குக்கு முன்னால் தட்டிய ரொட்டி

என்னைத் தூங்குமூஞ்சி என்றே கூப்பிட்டுப் பழகிய என் ராசாத்தி அக்காவுக்கு,

அந்தப் பெயரை நீ திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. அதற்குள் உன் தங்கச்சிக்குத் தூக்கம் போய்விட்டது. எங்கே போனது என்று தெரியவில்லை. நீ இருக்கும் பக்கம் வந்திருந்தால் பார்த்துத் திருப்பி அனுப்பு.

நினைத்தால் வயிறு எரிகிறது. கொழுந்து பறித்த காலமெல்லாம் எனக்கு இருந்த ஒரே ஆசை தூக்கம்தான். பக்கத்து வீட்டிலிருந்து நீ சுவரைத் தட்டாமல் நான் ஒரு நாளாவது எழுந்திருக்கிறேனா? காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போதுகூட நின்றுகொண்டே தூங்கி, நீ இடித்த பிறகுதான் கண்ணைத் திறப்பேன். வேலை நின்றதும் தகரக்கூரை சூடேறும்வரை படுத்துக் கிடப்பேன் என்று தேயிலைச் செடிகளுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். இப்போது பெரட்டும் இல்லை, கூடையும் இல்லை, ஏன் என்று கேட்பாரும் இல்லை. கோழி கூவுவதற்கு முன்னாலேயே கண் பொட்டென்று திறந்துகொள்கிறது. பக்கத்தில் என் வீட்டுக்காரர். அந்த மனிதருக்கு வயது ஏற ஏறக் குறட்டைதான் ஏறுகிறது. இது என்ன நியாயம்?

டிஸ்பென்சரி ஐயாவிடம் போனேன். "வயசு போனா அப்படித்தாம்மா. அஞ்சு மணித்தியாலம் தூங்கினா போதும்," என்றார். போதுமா போதாதா என்று நான் கேட்கவில்லை. மிச்ச நேரத்தில் என்ன செய்வது என்றுதான் கேட்டேன். அதற்கு அவரிடம் மருந்து இல்லை. வட்டவளையில் இருக்கும் என் மகன் குமார், "வெள்ளன எந்திரிச்சு கொஞ்சம் நடங்கம்மா," என்று போனில் சொன்னான். தலையில் கூடையை மாட்டிக்கொண்டு இந்த மலையை ஏறி இறங்கியதெல்லாம் அவன் கணக்கில் நடை இல்லை போலிருக்கிறது. போதாததற்கு அந்த இருட்டில் சிறுத்தை வேறு நடக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பாதை சரிப்படாது.

படுத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பதற்கு அடுப்பையாவது பார்ப்போம் என்று ஒரு நாள் எழுந்தேன். மாவைப் பிசைந்து ரொட்டி தட்ட ஆரம்பித்தேன். அங்கேதான் வந்தது வினை. வரிசையாக ஒட்டிக் கட்டிய நம் லயத்துச் சுவர் உனக்குத் தெரியும். அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் இந்தப் பக்கம் விளக்கு அணையும். இப்போது எல்லாரிடமும் போன் இருக்கிறது, அதில் அலாரமும் அடிக்கிறது. அடித்தால் அமர்த்திவிட்டுத் திரும்பிப் படுப்பார்கள். அடுத்த வீட்டில் ரொட்டி தட்டும் சத்தம் கேட்டால்தான் நேரம் போய்விட்டது என்று அலறியடித்துக்கொண்டு எழும்புவார்கள். அதுவும் தூங்குமூஞ்சி நானே எழும்பிவிட்டேன் என்றால் கேட்கவா வேண்டும்?

மறுபக்கத்து வீட்டு முனியம்மா எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். அவள் சத்தத்தில் அடுத்த வீடு, அந்தச் சத்தத்தில் அதற்கடுத்த வீடு. கீழே வெளிச்சத்தைப் பார்த்து மேல் லயத்துக்காரர்களும் எழும்பிவிட்டார்கள். எல்லாரும் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கொட்டும் பனியில் பெரட்டுக் களத்தில் போய் நின்றார்கள். கூட்டம் போவதைப் பார்த்த கங்காணி, தலையில் மப்ளரும் ஒற்றைக் காலில் சப்பாத்துமாக ஓடிவந்து, "ஏன் இம்புட்டு லேட்டு?" என்று அவர்களையே ஏசினாராம். பிறகு நெடுநேரம் கழித்துத்தான் ஃபேக்டரிச் சங்கு ஊதியது. அது எழும்புவதற்கான சங்கு, அக்கா.

அன்று அந்தியில் தோட்டத் தலைவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கூடவே முனியம்மா, கொட்டாவியோடு.

"யக்கா, ஒங்களுக்குத் தூக்கம் வரல, சரி. எங்களுக்கு வருதுல்ல?" என்றார் தலைவர். சங்கு ஊதும்வரை நான் அடுப்புப் பக்கம் போகக்கூடாது என்று தீர்ப்பாயிற்று.

நானும் மீறவில்லை. சத்தம் வராத வேலையாகப் பார்த்து இருட்டில் துணி மடித்தேன். விடிந்து பார்த்தால் எல்லாம் துவைக்கப் போட்டிருந்த துணி. இன்னொரு நாள் தேத்தண்ணிக் கேத்தலை நகர்த்தப் போய்க் கீழே போட்டுவிட்டேன். அது சிமெந்துத் தரையில் உருண்டு வாசல்வரை போனது. நான் அதைப் பிடிப்பதற்குள் முனியம்மா மாவு பிசைந்துவிட்டாள்.

செய்தி வட்டவளைக்குப் போய்ச் சேர்ந்தது. குமார் வந்து, "அம்மா, எங்ககூட வந்துருங்க. தனி வீடு. எந்நேரமும் சட்டிய உருட்டலாம், ஒருத்தரும் கேக்க மாட்டாங்க," என்றான். அதுதான் எனக்குப் பயம். ஒருத்தரும் கேட்காத இடத்தில் விழித்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? எனக்குப் போக மனமே இல்லை, அக்கா. இங்கே எந்த வீட்டில் யார் இருமுகிறார்கள் என்று படுத்த படுக்கையிலேயே சொல்லிவிடுவேன். ஆனால் என் வீட்டுக்காரரோ, குமார் வீட்டு டிவி எவ்வளவு அகலம் என்று கேள்விப்பட்டதுமே பெட்டியைத் தூசி தட்டிவிட்டார். மாரியம்மன் திருவிழா முடிந்ததும் வேன் வரும் என்று பேச்சாயிற்று.

அந்த நேரத்தில்தான் உன் மகள் கவிதா வந்தாள், நிறைமாதமாக. ராகலையில் மாமியார் எவ்வளவோ சொல்லியும், "தலைப்புள்ள, அம்மா வீட்டுலதான்," என்று பிடிவாதமாக வந்திருக்கிறாள். அம்மா வீட்டில் அம்மா இல்லையே என்று லயத்தில் ஆளாளுக்குப் பேசினார்கள். நான் போய் அவள் பையை வாங்கிக்கொண்டேன். நுவரெலியா ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம், பெண் குழந்தை. மூக்கு அப்படியே உன் மூக்கு. அதை மட்டும் நீ கொடுக்காமல் விட்டிருக்கலாம்.

உன் பேத்தி பகலெல்லாம் தூங்குவாள். நான் விழிக்கும் நேரம் பார்த்துத்தான் வாயைத் திறப்பாள். உன் வீட்டுக்காரர் கம்பளியைத் தலைக்குமேல் இழுத்துக்கொள்வார். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் நான் சுவரைத் தட்டினேன்.

"சின்னம்மா, முழிச்சா இருக்கீங்க?" கவிதாவும் அழுதுகொண்டிருந்தாள்.

"நான் எப்பத் தூங்குனேன்? புள்ளையக் குடுத்துட்டு நீ போய்ப் படு."

அன்றிலிருந்து பால் குடித்ததும் பிள்ளை என் மடிக்கு வந்துவிடும். லயத்து வம்பையெல்லாம் அதன் காதோடு சொல்வேன். கண்ணைக் கொட்டாமல் கேட்கும். முனியம்மா பேச்சு வந்தால் மட்டும் ஏப்பம் விடும். கவிதா தூங்கினாள், முனியம்மாவும் தூங்கினாள். தலைவரே என்னை வழியில் நிறுத்தி, "யக்கா, இப்பதான் நிம்மதியாத் தூங்குறோம்," என்றார். பிள்ளை இரவில் தூங்கப் பழகும்வரை வேனைத் தள்ளிப்போடுகிறேன் என்று குமாரும் ஒத்துக்கொண்டான். அதனால் பிள்ளை தூங்கிவிடக் கூடாது என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். பிள்ளை வளர்த்த எந்தப் பொம்பளையாவது இப்படி வேண்டியிருப்பாளா?

அம்மன் கேட்கவில்லை. இன்று பிள்ளை தூங்கிவிட்டது. சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு முனகல்கூட இல்லை. இனி வட்டவளைதான் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. அப்போது யாரோ கதவை மெல்லத் தட்டினார்கள். திறந்தால் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கவிதா நிற்கிறாள்.

"புள்ள எங்கப்பா பக்கத்துல தூங்குது சின்னம்மா. எனக்குத்தான் பழக்கதோஷம், முழிப்பு வந்துருச்சு."

பிள்ளை பெற்ற உடம்போடு பனியில் நிற்கலாமா என்று ஏசப் போனேன். அதற்குள் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"நேத்து குமாரண்ணன்கிட்டப் பேசுனேன். சின்னம்மாவக் கூட்டிட்டுப் போயிட்டா, நான் அடுத்த தடவ எந்த அம்மா வீட்டுக்கு வர்றதுன்னு கேட்டேன்."

கம்பளியை எடுத்து அவள் தோளில் போர்த்தினேன். "அவன் என்ன சொன்னான்?"

"சரி, சித்தப்பாவுக்கு டிவிய இங்கயே அனுப்பி வைக்கிறேன்னாரு."

அதைச் சொல்லிவிட்டு என் மடியில் தலை சாய்த்தவள் அப்படியே தூங்கிப்போனாள். சங்கு ஊதியது. முனியம்மா ரொட்டி தட்டினாள். இவர் எழுந்து வந்து தேத்தண்ணி கேட்டார். வாயை மூடச் சொல்லிக் கையைக் காட்டினேன். கால் மரத்துப்போயும் நான் அசையவில்லை. நல்ல கனம் உன் மகள்.

அக்கா, ஒன்று சொல்கிறேன், நம்பு. அவள் மறுபடியும் விடியுமுன் என் கதவைத் தட்டினால் தேத்தண்ணி கொடுத்துப் பேச்சுக்கு உட்காரவைக்க மாட்டேன். எனக்கு ஆள் வேண்டும்தான். ஆனால் தூங்க வேண்டிய வயதில் தூங்காத உடம்பு என்ன பாடுபடும் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். பாயை விரித்து அவளைப் படுக்கவைப்பேன். பிள்ளை அழுதால் நான் தூக்குவேன். பேச்சுக்குத்தான் நீ இருக்கிறாயே.

சுவருக்கு இந்தப் பக்கம் விழித்திருக்கும்
உன் கூடப்பிறக்காத தங்கச்சி,
செல்வமணி