பௌர்ணமியன்று காணாமல் போகும் படங்கள்

பல மாதங்களுக்குப் பிறகு இன்று காலைதான் என் இணையதளத்தைத் திறந்தேன். மலைப் படங்களைக் காணவில்லை. எழுத்தெல்லாம் அப்படியே இருக்கிறது. படங்கள் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகக் கிடக்கிறது. ஜன்னலுக்குக் கீழே செங்கம் சாலையில் கிரிவலக் கூட்டம் நடக்கத் தொடங்கியிருந்தது. நீ போய் நான்கு மாதம் ஆகிறது. அப்படியிருந்தும் எனக்கு முதலில் வந்த நினைப்பு, 'இவள்தான் ஏதோ பண்ணியிருக்கிறாள்' என்பதுதான். "உனக்கு டீல சக்கர கம்மியா இருந்தாலும் எவனோ சதி பண்ணிட்டான்னுதாண்டி தோணும்" என்பாய். நீ செத்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை.

காபிக் கடைக்கு மேலே நம் இரண்டு மேசையும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. விடுதிகளுக்கும் கடைகளுக்கும் இணையதளம் செய்து கொடுத்துப் பிழைத்தோம். "மேடம், போட்டோல மலை சின்னதா தெரியுது, கொஞ்சம் பெரிசு பண்ணுங்க" என்று ஒரு விடுதிக்காரர் நான்கு முறை போன் செய்தாரே, நினைவிருக்கிறதா? நான்காவது முறை நான் கத்தப் போனேன். நீ போனை வாங்கி, "சரிங்க சார், நாளைக்கே வளத்துடறோம்" என்றாய். அவரும் நம்பி வைத்துவிட்டார்.

இந்த எரிச்சலையெல்லாம் கொட்டத்தான் எனக்கென்று ஒரு தளம் வைத்திருந்தேன். எவரும் வந்து அதை மாற்று, இதை நகர்த்து என்று சொல்ல முடியாத ஒரே இடம் அது. அதில் ஒரு பக்கம் மட்டும் நீ கேட்டுச் செய்தது: கிரிவலப் பாதையில் குடிதண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே, எந்த ஊர் பஸ் எங்கே நிற்கும் என்ற பட்டியல். நான் வருஷக்கணக்காக எழுதியதைவிட அந்த ஒரு பக்கத்துக்குத்தான் ஆள் அதிகம் வந்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட.

ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் உன் ஊர் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும் சண்டைக்கு நின்றாய். "அடி அண்ணாமல கோயிலு கிட்ட எங்கம்மா நின்னுக்கினு உன் பக்கத்த தொறந்துச்சு. போன்ல வட்டம் சுத்திக்கினே கீது. அது சக்கர வியாதிக்காரி. உன் மலை போட்டோ வர்ற வரைக்கும் அவசரம் நிக்குமா?" லட்சம் பேர் ஒரே ராத்திரியில் போனைத் திறந்தால் நெட் திணறத்தான் செய்யும்; படங்களின் கனத்தைக் குறை என்றாய். என் தளம், என் படம், குறைக்க மாட்டேன் என்றேன். நீ அதற்குமேல் பேசவில்லை. உனக்கு அது வழக்கமில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

பிறகு அந்த விடுதிக்காரர் வேறு யாரிடமோ போய்விட்டார். அவருடைய புதுத் தளத்தைத் திறந்து பார்த்தால், அறை பதிவு செய்யும் படிவம் நாம் செய்தது போலவே இருந்தது. அதே நாட்களில்தான் உனக்குப் போன் வந்தால் எழுந்து மாடிப்படிக்குப் போய்ப் பேச ஆரம்பித்தாய். ஒரு படிவத்தைப் பார்த்து எழுத யாருக்கும் அரை மணி நேரம் போதும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அந்தப் போன் யாருடையது என்று இன்றுவரை தெரியாது. இனி கேட்கவும் முடியாது.

அப்போதுதான் படங்கள் காணாமல் போவதைப் பார்த்தேன். அடுத்தடுத்து இரண்டு பௌர்ணமி. ஒரு நாள் இருக்காது, மறுநாள் வந்துவிடும். பௌர்ணமியன்று இந்த ஊரில் பால் வராது, பஸ் நகராது, நெட் கிடைக்காது. எது கெட்டாலும் பழி பௌர்ணமி மேல்தான். நான் மட்டும் உன்மேல் போட்டேன். "என் தளத்துல கை வெச்சியா?" என்று கேட்டேன். "படம் இல்லன்னா இன்னாடி, எழுத்து வருதில்ல?" என்று சிரித்தாய். இல்லை என்று நீ சொல்லவில்லை. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்த பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு, உன்னிடம் சொல்லாமல் பாஸ்வேர்டை மாற்றினேன். பௌர்ணமி பிறந்த மாலையில் தளத்தைத் திறந்து பார்த்தேன். படங்கள் அத்தனையும் இருந்தன. பாஸ்வேர்டை மாற்றியதும் நின்றுவிட்டது, அப்படியானால் இவளேதான் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். அதன் பிறகு பத்து நாள் உன்னிடம் வேலையைத் தவிர எதுவும் பேசவில்லை. பதினோராம் நாள் உனக்குக் காய்ச்சல். நீ திரும்பி வரவே இல்லை.

இன்று உன் அண்ணனுக்குப் போன் செய்தேன். உன் லேப்டாப்பை யாராவது எடுத்தார்களா என்று கேட்டேன். கேட்கும்போதே குரலில் போலீஸ்தனம் இருந்தது எனக்கே தெரிந்தது. "அது பீரோலதான் கீதும்மா. அம்மா யாரையும் தொட வுடறதில்ல. தெனம் அது தொடச்சி வெக்குது" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் சர்வருக்குள் போய்த் தேடினேன். குறித்த நாளில் தானாக ஓடும்படி நீ வைத்த சின்ன வேலை ஒன்று அங்கே இருந்தது. பௌர்ணமியன்று படங்களை மறைக்கும். முடிந்ததும் திரும்ப வைக்கும். தேதிகளை ஒவ்வொன்றாகக் கையால் அடித்திருந்தாய். ஒரு மத்தியானம் நாள்காட்டியைப் புரட்டிப் புரட்டிக் காகிதத்தில் குறித்தாயே, "கல்யாணத்துக்கு நாள் பாக்கறியா?" என்று நான் கிண்டல்கூட செய்தேனே, அந்தக் காகிதம்தான் இது. பட்டியலுக்கு மேலே ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு வரி: "அம்மா மாதிரி ஆளுங்களுக்கு. தெரிஞ்சா திட்டுவா, அப்புறம் சொல்லிக்கலாம்."

நான் பாஸ்வேர்டை மாற்றிய மாதத்தின் தேதியைப் பார்த்தேன். அந்த மாதம் பௌர்ணமி, நாள்காட்டியில் போட்ட தேதிக்கு முதல் நாள் மாலையே பிறந்துவிட்டது. நீ மறுநாளை மட்டும் அடித்திருக்கிறாய். அதனால்தான் அந்த மாலை படங்கள் இருந்தன; மறுநாள் நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. உன் கைத்தவறை வைத்துத்தான் உனக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

அந்தத் தவற்றை நீயே கண்டுபிடித்துத் திருத்த வந்திருக்கிறாய். உள்ளே வந்தவர், வர முயன்றவர் எல்லாம் பதிவாகியிருக்கும் இடத்தையும் பார்த்தேன். நான் மாற்றிய அன்று மாலை, உன் பெயரில், தவறான பாஸ்வேர்ட். மூன்று முறை. அதற்குப் பிறகு ஒருமுறைகூட இல்லை.

மறுநாள் காலை வேகவைத்த வேர்க்கடலையை என் மேசைமேல் வைத்து, "இன்னாடி மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீற, சாப்டியா?" என்று கேட்டாய். வேவு பார்க்க வந்திருக்கிறாய் என்று நினைத்து உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் உன்னை வெளியே வைத்துப் பூட்டியது தெரிந்துதான் அந்தக் கடலையைக் கொண்டு வந்திருக்கிறாய். நான் ஒரு பருப்புகூடத் தொடவில்லை. அதை நினைத்தால் இப்போது தாங்கவில்லை.

உன் பட்டியல் அடுத்த மாதத்தோடு முடிகிறது. தெருமுனைக் கடையில் புது நாள்காட்டி கேட்டேன். இன்னும் வரவில்லை, வந்ததும் எடுத்து வைக்கிறேன் என்றார்கள். பிறக்கும் நேரம், முடியும் நேரம் இரண்டையும் சரிபார்த்து அடிக்க வேண்டும். இன்று படங்களைத் திரும்ப வைக்கவில்லை. கீழே கூட்டம் போய்க்கொண்டிருக்கிறது; அதில் எத்தனையோ அம்மாக்கள் இருப்பார்கள்.

பாஸ்வேர்டை மட்டும் பழையபடியே மாற்றிவிட்டேன். நீ மூன்று முறை அடித்துப் பார்த்த அதே பாஸ்வேர்ட்.