மூக்கு மருந்தும் கம்பத்துச் சம்பந்தமும்

உத்தமபாளையம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ரெஹானாவுக்கு அம்மா சலாம் சொல்லி எழுதுறது. அல்லாஹ் கிருபையால இங்கன அத்தா, அண்ணன் அப்சல், மதினி, அவுக பிள்ளை நஸ்ரின் எல்லாரும் சுகமா இருக்கோம், மெல்போர்ன் குளிர்ல நீயும் சளி கிளி பிடிக்காம நல்லா இருக்கணும்.

போன்ல நீ அழுதப்ப அத்தா பக்கத்துல இருந்தாக, அதான் நான் வாயைத் திறக்கல. மூக்குல அடிக்கிற உன் காய்ச்சல் தடுப்பு மருந்து சோதனையில சரியா வரல, பொடி மூக்குல தங்காம தொண்டைக்கு இறங்கிருது, ஆபீஸ்ல பெரியவக இதை மூடிரலாம்ங்கிறாக, நான் ஊருக்கே வந்துர்றேம்மா, கம்பத்து மாப்பிள்ளையவே முடிச்சிருங்கன்னு சொன்னியே, அந்தச் சம்பந்தத்தை வெள்ளிக்கிழமை நானே முறிச்சு விட்டுட்டேன். கோவப்படாம கேளு ஆத்தா. ஜும்மா முடிஞ்சு மாப்பிள்ளையோட அம்மாவும் மாமாவும் வந்தாக, கூட்டிட்டு வந்தது அத்தாவோட அக்கா, உன் பெரிய மாமி. பிரியாணி பரிமாறிட்டு இருக்கேன், மாப்பிள்ளையோட அம்மா சிரிச்சுக்கிட்டே, மூக்குப்பொடி செய்யவா வெளிநாட்டுப் படிப்பு, நிக்காஹ் ஆனதும் அதை விட்டுட்டு வீட்டைப் பாக்கட்டும்னாக. உன் அத்தா தலையாட்டப் போனாக. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

ஐப்பசி அடைமழையில நஸ்ரின் கிடந்த கிடை அவுகளுக்கு என்ன தெரியும். ஃப்ளூ ஊசி போட அப்சல் கூட்டிட்டுப் போனப்ப நர்சம்மா கையைக் கடிச்சிட்டுத் தெருவுல ஓடிருச்சு பிள்ளை, அடுத்த வாரம் பாத்துக்குவோம்னு திரும்பிட்டாக. அதுக்குள்ள காய்ச்சல் முந்திக்கிருச்சு. தேனி ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் வச்சிருந்தாக, ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு உள்ள போய் உள்ள போய் வந்துச்சு, நான் அதையே பாத்துக்கிட்டு துஆ கேட்டுட்டு உக்காந்திருந்தேன். நீ பதறுவேன்னு உனக்குப் பாதிதான் சொன்னோம்.

அதை அந்தம்மாகிட்ட முழுசாச் சொன்னேன். எம் மக செய்யிறது காய்ச்சல் நுழையிற வாசல்லயே அதை மறிக்கிற மருந்து, ஊசி வேணாம், ஐஸ்பெட்டி வேணாம், மேகமலை எஸ்டேட்டுப் பிள்ளைகளுக்கும் பையில போட்டுக் கொண்டு போகலாம், அதை விட்டுட்டு வான்னு சொல்ல உங்களுக்கும் உரிமையில்ல, பெத்த எனக்கும் உரிமையில்லன்னேன். சத்தம் கூடித்தான் போச்சு. பாயாசத்தைத் தொடாம கார்ல ஏறிட்டாக. மாமி இன்னைக்கு வரைக்கும் பேசல, பேசாட்டி போகட்டும். அத்தாவும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத்தான் இருந்தாக, நேத்து திராட்சைத் தோட்டத்துல இருந்து வந்ததும், மருந்தடிக்கிற மிஷின் முனையில நாசில் அடைச்சா நாசிலை மாத்துறோம், கொடியையா வெட்டுறோம், புள்ளைக்கு எழுதுன்னு அவுகளாச் சொன்னாக.

அதனால மூடுறோம்னு சொன்னவக முன்னாடி போய் நில்லு. பொடி ஏன் மூக்குல தங்கலன்னு கண்டுபிடிக்க இன்னொரு வாய்ப்புக் கேளு, தரலைன்னா வேற கம்பெனிக் கதவைத் தட்டு. ஊர் பேசுறதை நான் பாத்துக்கிறேன். கல்யாணமே வேணாம்னு சொல்லல, உன் வேலையோட சேத்து உன்னைக் கேட்டு வர்றவன் வரட்டும். நஸ்ரினுக்குப் போன மாசம் நாலு பேரு பிடிச்சு ஊசி போட்டாச்சு, அது போட்ட கூப்பாட்டுல தெருவே கூடிருச்சு, மூக்கு மருந்து எப்ப வரும்னு உன்கிட்டக் கேக்கச் சொல்லித் தினமும் என்னை அரிக்குது. ரொட்டியையே தின்னுட்டுக் கிடக்காத, சோறு பொங்கிச் சாப்பிடு.

அல்லாஹ் உன் கைக்கு பரக்கத்தும் நெஞ்சுக்கு உறுதியும் தருவான். பெருநாளைக்கு வா, கறி ஆக்கிப் போடுறேன். ஆனா திரும்பிப் போற டிக்கெட்டையும் சேத்து எடுத்துட்டு வா, அது இல்லாம வந்தா நான் கதவைத் திறக்க மாட்டேன்.

உன் அம்மா
சுல்தான் பீவி