கட்டிய கண்ணோடு மூடிய சிலிண்டர்

மூலக்குளம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கார்குழலிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், அந்த ராஜஸ்தான் மணலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிறவர் கடிதம் எதற்கு எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் சொல்ல வாய் வரவில்லை அம்மாடி, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னேன் அல்லவா, அது நிஜம். வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததைத்தான் சொல்லவில்லை. வலது கண்ணில் கட்டு, இடது கண்ணிலும் புரை, பாவம் சுவரைத் தடவித்தான் நடந்தாள். அடுப்புப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் கஞ்சி வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பற்ற வைத்தால் அடுப்பு மினுக் மினுக்கென்று அழுகிறது, சிலிண்டர் தீரப் போகிறது, புதுசு வர இரண்டு நாள் ஆகும். மில்லில் இருபத்தெட்டு வருஷம் பாய்லர் பார்த்தவன் நான், பிரஷர் இறங்கினால் சூடு ஏற்று என்பதுதானே எனக்குத் தெரிந்த வேதம். ஹீட்டர் ராடு போட்டு ஒரு பக்கெட் தண்ணீர் காய வைத்து, அகலமான டப்பில் ஊற்றி, சிலிண்டரைத் தூக்கி அதில் வைத்துவிட்டேன். தீ திகுதிகுவென்று வந்தது. பாத்தியா தனக்கொடி, பாய்லர்காரன் மூளைய, என்று படுத்திருந்தவளிடம் பீற்றிக்கொண்டேன். கஞ்சியை இறக்கி, சிலிண்டரைப் பழைய இடத்துக்கு இழுத்து வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு அலைந்த அசதியில் ரெகுலேட்டரை மூடாமல் போய்ப் படுத்துவிட்டேன். இழுத்த இழுப்பில் டியூப் நெகிழ்ந்துபோனதை நான் பார்க்கவில்லை.

அடுப்பு மேடைச் சாமிக்கு விளக்கு ஏற்றாமல் உன் அம்மாவுக்கு என்றைக்குப் பொழுது விடிந்திருக்கிறது? கண்ணில் கட்டு இருந்தால் மட்டும் விடுவாளா? விடிகாலையில் என்னை எழுப்பாமலேயே தடவிக்கொண்டு போய்விட்டாள். மழைக்கு ஜன்னலை வேறு சாத்தி வைத்திருந்தேன். தீக்குச்சியைக் கையில் எடுத்துவிட்டாள், அப்போதுதான் வாடை மூக்கில் ஏறியிருக்கிறது. குச்சியைக் கிழிக்கவில்லை, கத்தவில்லை, சுவிட்சைத் தொடவில்லை. தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டு, தடவியே சிலிண்டரைக் கண்டுபிடித்து, ரெகுலேட்டரைத் திருகி மூடி, ஜன்னலையும் பின்கதவையும் திறந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் வந்து என்னை உலுக்கினாள். எழுந்திரிங்க, வெளிய வாங்க, லைட்டப் போட்டுடாதீங்க, என்றாள்.

போன வருஷம் லீவில் வந்தபோது துப்பட்டாவால் அவள் கண்ணைக் கட்டி, கரண்ட் இல்லாத நேரத்தில் கேஸ் கசிஞ்சா என்ன பண்ணுவ, ரெகுலேட்டரக் கண்டுபிடி, மூடு, என்று பத்துத் தடவை செய்ய வைத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? ஆத்தாளும் மவளும் கண்ணாமூச்சி ஆடறீங்களா என்று நான்தான் கிண்டல் பண்ணினேன். சோலார் பிளான்டில் நானூறு பேரைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புகிற சேஃப்டி வேலை என் மகளுடையது என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன், வீட்டில் நீ சொன்னதை மட்டும் கேட்கவில்லை. இப்போது பக்கத்து வீட்டு நிர்மலா சொல்லித் தெருவே நம் வீட்டுக்கு வருகிறது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உன் அம்மா ஒவ்வொருத்தி கண்ணிலும் துண்டைக் கட்டிப் பாடம் எடுக்கிறாள், நிற்கிற தோரணையைப் பார்த்தால் இன்ஸ்பெக்டர் தோற்றார். பொட்டப் புள்ளைய அவ்ளோ தூரம் அனுப்பிட்டியே என்று உன்னைப் பற்றிக் கேட்ட அதே வாய்கள் இப்போது உன் பாடத்தை ஒப்பிக்கின்றன. எனக்குப் பெருமை தாங்கவில்லை அம்மாடி.

இனிதான் நான் சொல்ல வந்தது. அந்த லீவு முடிந்து கிளம்பும் அவசரத்தில், கேஸ் கசிந்தால் செய்ய வேண்டியதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டி, அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் நாலு வரி படித்தேன், அவளும் மனப்பாடம் பண்ணிக்கொண்டாள். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும், புதுக் கண்ணால் அந்தத் தாளைத்தான் முதலில் போய்ப் படித்தாள். படித்துக்கொண்டே வந்தவள் அடியில் தொங்கிய காலண்டரைத் தூக்கிப் பார்த்தாள். அங்கே ஐந்தாவது வரி இருந்தது. அப்பா சிலிண்டரைச் சுடுதண்ணீரில் வைப்பார், விடாதே. நீ போன அன்றே ரோஷத்தில் அதன் மேல் ஆணி அடித்துக் காலண்டரை மாட்டியவன் நான்தான். அதைப் படித்துக் காட்டியிருந்தால் அன்று சாயங்காலமே என் கையைப் பிடித்துத் தடுத்திருப்பாள். அவள் திட்டவில்லை, புதுக் கண்ணால் என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். உன்னிடமும் சொல்லவில்லை, நானே சொல்லட்டும் என்று விட்டிருக்கிறாள்.

டியூப் புதுசு மாற்றியாயிற்று. காலண்டர் இப்போது கூடத்தில் தொங்குகிறது. வெயிலில் தலையில் துண்டு கட்டாமல் நிற்காதே, தண்ணீர் நிறையக் குடி. பதினாறும் பெற்று நீடூழி வாழ அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஐந்து வரியையும் மனப்பாடம் பண்ணிவிட்ட உன் அப்பா,
கோவிந்தராசு