கொடியில் காயும் ஃபில்டர்

மஸ்கட்

அன்புள்ள யமுனா அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா?

நீங்கள் அனுப்பிய படத்தில் யமுனா சிரிக்கிறாள். அவளுக்குப் பின்னால் துணிக்கொடியில், வாழைத்தோட்டத்துச் சொட்டுநீர் ஃபில்டரோடு இன்னொன்றும் கழுவிக் காய்கிறது. மாதாமாதம் அவளுக்கு ரத்தம் ஏற்றும்போது, நாமே வாங்கிக் கொடுத்து மாட்டச் சொல்கிற ஃபில்டர்தானே அது? எதையும் வீணாக்க மாட்டீர்களே என்று முதலில் சிரித்துவிட்டேன்.

ஆனால் அது ஒருமுறை மட்டுமே போடுவது. ரத்தம் கொடுத்தவரின் வெள்ளை அணுக்களை அது பிடித்து நிறுத்துகிறது. அவை உள்ளே போனால் பிள்ளைக்குக் குளிர்காய்ச்சல் வரும். கழுவி மாட்டினால் கிருமியும் சேர்ந்து போகும். தயவுசெய்து தூக்கிப் போடுங்கள்.

என்னோடு வேலை செய்யும் ஸ்ரீரங்கத்து மாதுரி அக்கா லீவில் ஊருக்கு வருகிறார். இந்தக் கடிதத்தோடு புது ஃபில்டர்களும் கொடுத்திருக்கிறேன். அவர் திரும்பும்போது யமுனாவின் பழைய சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள், துவைக்காமல்.

அக்காவுக்கு டாக்ஸி வந்துவிட்டது. ஒன்று மட்டும் கேட்கிறேன், மறைக்காதீர்கள். போன தடவை ரத்தம் ஏறும்போது யமுனா நடுங்கினாளே, "ஏசி குளிரு, வேற ஒண்ணுமில்ல" என்றீர்கள். அந்த வார்டில் ஏசி ஏது?

கோமதி