சுவரில் இன்னும் இருபத்து நாலு

பேட்டரி குறியில் மூன்று கோடுகளில் இரண்டு இன்னும் இருந்தன, அக்கா. இன்று காலை உங்கள் அறைக்குள் போய் நான் முதலில் தேடிப் பார்த்தது அதைத்தான். கட்டிலை எடுத்துவிட்டார்கள். சக்கர நாற்காலி இல்லை, திரைச்சீலையும் இல்லை. சுவரில் ஏசியை ஓட்டுகிற அந்த வெள்ளைக் கருவி மட்டும் இருந்தது. நான் கிட்டே போனதும் எப்போதும் போல விழித்துக்கொண்டது. மேலே பெரிதாக 31. கீழே சின்னதாக 24. ஏசிக்குப் போகிற கரண்டை உங்கள் அண்ணன் என்றைக்கோ நிறுத்திவிட்டார். அது அதற்குத் தெரியாது. இன்னும் இருபத்து நாலு கேட்டுக்கொண்டே இருக்கிறது.

வீட்டை வேறு யாருக்கோ விடப் போகிறார்களாம். துடைத்துக் கொடுக்கச் சொல்லி அம்மாவையும் என்னையும் கூப்பிட்டார் உங்கள் அண்ணன். அம்மா சமையலறையில் இருந்தாள். நான் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தச் சுவருக்கு எதிரே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

அம்மா சமைக்க வந்த வீட்டுக்கு நானும் வரத் தொடங்கியது ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு. வகுப்பில் எழுந்து நின்றால் எனக்குக் குரல் வராது. உங்களிடமும் முதல் மாதம் தலையைத்தான் ஆட்டினேன். நீங்கள் கழுத்துக்குக் கீழே அசையாமல் படுத்திருந்தீர்கள். தோளும் வலது முழங்கையும் மட்டும் கொஞ்சம் அசையும். கையில் கட்டிய குச்சியால் கம்ப்யூட்டர் பித்தானை ஒவ்வொன்றாகத் தட்டி ஆபீஸ் வேலை பார்ப்பீர்கள். "பயப்படாதடி. ஸ்கூட்டர்ல இருந்து விழுந்தவ நானு. உனக்கு ஒட்டிக்காது" என்றீர்கள்.

உங்களுக்கு வியர்க்காது என்று நீங்கள் சொன்னபோது அது ஒரு சௌகரியம் என்றுதான் நினைத்தேன். வெயில் ஏறினால் உடம்புச் சூட்டை வெளியே தள்ள உங்கள் உடம்புக்கு வழியே இல்லை, சூடு ஏறிக்கொண்டே போகும், உயிருக்கே ஆபத்து என்று அம்மாதான் பிறகு விளக்கினாள். அதனால்தான் இருபத்து நாலு. அறைச் சூட்டைப் பார்த்து ஏசியை ஓட்டுவதும் நிறுத்துவதும் சுவரில் இருந்த அந்தக் கருவி. அதற்கு உயிர் இரண்டு பென்சில் பேட்டரி. அந்த பேட்டரி தீர்ந்தால் ஏசியும் நின்றுவிடும்.

ஒரு வருஷம் வரும் என்ற பேட்டரி அந்தக் கோடையில் ஒன்பது நாளில் தீர்ந்தது. புதிதாகப் போட்டது ஆறு நாளில் தீர்ந்தது. கருவி விற்ற கம்பெனியைப் போனில் கேட்டால் பேட்டரி மாற்றுங்கள் என்றார்கள். உங்கள் அண்ணன் விலை கூடிய பேட்டரி வாங்கி வந்தார். அதுவும் ஒரு வாரம் தாங்கவில்லை. கடல் உப்புக் காற்றில், பேட்டரி தொடுகிற பித்தளைப் பட்டை பூத்திருக்கும் என்று நான் பென்சில் ரப்பரால் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். ஒரு மாற்றமும் இல்லை.

அக்னி நட்சத்திரம் முடிகிற சமயம், ஒரு மத்தியானம். அம்மாவும் நானும் பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் உங்கள் முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. கூப்பிட்டதற்கு நாக்கு குழறியது. சுவரில் எண்ணே இல்லை.

"ஐயோ, இன்னாம்மா இது, ஒடம்பு அனலா கொதிக்குது. ஏ பொண்ணே, ஐஸு எடு, துண்ட நனை" என்று அம்மா கத்தினாள். கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வைத்து, ஈரத் துண்டு போர்த்தி, மின்விசிறியைக் கிட்டே இழுத்து வைத்தோம். நான் புது பேட்டரி போட்டேன். அவசரத்தில் இரண்டு முறை தலைகீழாகப் போட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து நீங்கள் கண்ணைத் திறந்து, "மீன் இன்னா ஆச்சு?" என்றீர்கள். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

சாயங்காலம் உங்கள் அண்ணன் தாம்பரத்திலிருந்து வந்தார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இன்னொரு தடவ இது நின்னுச்சுன்னா நீ எங்கூட வந்துடுற. அவ்ளோதான். பேச்சே கெடையாது" என்றார்.

அவர் போன பிறகு நீங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சவுக்குத் தோப்புக்கு நடுவே ஒரு முழம் அகலத்துக்குக் கடல் தெரிகிற ஜன்னல். "அவன் வூட்ல ஜன்னலத் தொறந்தா பக்கத்து வூட்டு பாத்ரூம் கொழாய் தெரியும்டி" என்றீர்கள். சிரிப்பதற்காகச் சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் மூன்று நாளாக ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். சொல்லத்தான் வாய் வரவில்லை. இந்த மாதிரி விஷயத்தில் எனக்கு என்ன தெரியும் என்று இருந்துவிட்டேன். அன்றைக்குச் சொன்னேன். "அக்கா, யாரும் கிட்ட போகாமயே அது முழிச்சிக்குது. அந்த வளைவு வளைவா ஒரு கோடு இருக்குல்ல, அது போவுது, வருது, போவுது, வருது."

நீங்கள் தலையைத் திருப்பினீர்கள். "எத்தினி நாளா?"

"மூணு நாளா பாக்குறேன்."

"மூணு நாளா பாத்துகினு சும்மா இருந்தியா? அது வைஃபை புடிக்கிற குறிடி. போன எடு."

வீட்டில் வைஃபை கொடுக்க மூன்று வெள்ளைப் பெட்டிகள் இருந்தன. ஒன்று ஹாலில், ஒன்று சமையலறைப் பக்கத்து நடையில், ஒன்று தோட்டத்து அறையில். எந்தப் பொருள் எந்தப் பெட்டியைப் பிடித்திருக்கிறது என்று போனில் ஒரு பட்டியல் வந்தது. மற்றவையெல்லாம் பல நாளாக ஒரே பெட்டியோடு இருந்தன. சுவர்க் கருவிக்கு நேரே மட்டும் ஒரு நிமிஷம் என்று இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் ஒரு நிமிஷம். ஒரு தரம் ஹால் பெட்டி, ஒரு தரம் தோட்டத்துப் பெட்டி.

"பாவம்டி இது. ரெண்டும் தூரம். எதுவும் சரியா கேக்கல. கத்திக் கத்தியே பேட்டரி தீந்துபோவுது" என்றீர்கள். "பக்கத்துல நடையில கீற பொட்டிய ஏன் புடிக்கல? உசுரோட இருக்குதுன்னு காட்டுது, ஆனா கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி கீது. போய்ப் பாரு."

நான் போகவில்லை. போகாமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

போன மழையில் நடையில் இருந்த பழைய பெட்டி கெட்டுப்போனது. திறந்தால் உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. "உப்புக் காத்துல போச்சு. இதுவும் போச்சுன்னா இனிமே வாங்க மாட்டேன்" என்று உங்கள் அண்ணன் புதிதை மாட்டினார். எங்கள் பக்கத்தில் உப்புக் காற்றுக்குப் பயந்து டார்ச், ரேடியோ, தீப்பெட்டி எல்லாவற்றையும் மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில்தான் வைப்போம். கடலுக்குப் போகிறவர்கள் போனையும் அப்படித்தான் கொண்டுபோவார்கள். நானும் கோடை தொடங்கியபோது உங்கள் வீட்டு அரிசி டப்பாக்களில் காலியாக இருந்த ஒன்றைத் துடைத்து, பெட்டியை உள்ளே வைத்து, ஒயர் நுழைய மட்டும் இடுக்கு விட்டு மூடி, அலமாரி மேல் ஏற்றிவிட்டேன். நல்லது செய்ததாக நினைத்து யாரிடமும் சொல்லவும் இல்லை. உங்கள் கம்ப்யூட்டருக்கு ஹாலிலிருந்து ஒயர் வந்ததால் உங்களுக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை.

அதை உங்களிடம் பயந்துகொண்டேதான் சொன்னேன். வேலை போகும் என்பதுகூட இல்லை. மத்தியானம் பார்த்த செங்கல் நிற முகம்தான் கண் முன்னால் நின்றது.

நீங்களோ சிரித்தீர்கள். சிரித்த சிரிப்பில் உணர்வில்லாத உங்கள் கால்கள் வழக்கமான இழுப்பில் தாமாகத் துள்ள, நான் ஓடி வந்து பிடித்துக்கொண்டேன். "வைஃபைய அரிசி டப்பால போட்டு மூடி வச்சியாடி? சீக்கு புடிக்கும்னா? போ, போய்த் தொற. நான் சுவத்தப் பாத்துகினு இருக்கேன்."

மூடியைத் திறந்தேன். பெட்டி கை சுடும் அளவுக்குக் கொதித்தது. வெளியே எடுத்து வைத்துவிட்டு வந்தேன். இரண்டு பேரும் சுவரையே பார்த்தோம். வளைவுக் கோடு வந்தது. போகவில்லை. நின்றது. பிறகு திரை மெல்ல இருண்டது.

"தூங்கிடுச்சு" என்றீர்கள், குழந்தை தூங்கினால் சொல்கிற குரலில்.

மறுபடி மூடச் சொன்னீர்கள். மூடினேன். கருவி விழித்துத் தவித்தது. திறந்தேன், தூங்கியது. மூன்று முறை செய்து பார்த்தோம். மூன்றாவது முறை எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒன்பதங்குலச் செங்கல் சுவரைத் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று, என்னையும் தாண்டி, நான் நின்ற இடத்தின் வழியாகவே போய்க்கொண்டிருக்கிறது. ஒரு மெல்லிய தகடு அதை நிறுத்திவிடுகிறது. இத்தனை நாள் அதற்குள்தான் துணி மடித்திருக்கிறேன், பெருக்கியிருக்கிறேன்.

"என் ஒடம்பும் இதாண்டி" என்றீர்கள் திடீரென்று. "மேல இருந்து கூப்புட்டுகினேதான் இருக்கேன். கீழ போய்ச் சேரல. காலு அங்கதான் கீது." அழாமல் சொன்னீர்கள். ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தவர் போல, கொஞ்சம் வியப்போடு சொன்னீர்கள். நான் உங்கள் பாதத்தைப் பிடித்திருந்தேன். அது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

அண்ணனிடம் "பொட்டிய எடம் மாத்தினோம், சரியாப் பூடுச்சு" என்று மட்டும் சொன்னீர்கள். டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெட்டிக்கு நான் பழைய தாவணித் துணியில் ஓர் உறை தைத்தேன். துணி வழியாக அது போகும் என்று சொல்லிக் கொடுத்ததும் நீங்கள்தான். எதற்கும் இருக்கட்டும் என்று ஆடி மாதம் புது பேட்டரி போட்டபோது கருவியின் மூடிக்கு உட்புறம் மாதத்தை எழுதி வைக்கச் சொன்னீர்கள். கடல் தெரிகிற ஜன்னலோரம் ஆடி போய், ஐப்பசி மழை போய், கார்த்திகையும் இருந்தீர்கள். மார்கழியில் நெஞ்சில் சளி கட்டி செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். நாலு நாளில் முடிந்துவிட்டது. வெயிலால் இல்லை. அதை நான் எனக்கே எத்தனையோ முறை சொல்லிக்கொள்கிறேன்.

ஆம்புலன்ஸில் ஏற்றுகிறபோது என்னைக் கிட்டே கூப்பிட்டு, "எதப் பாத்தாலும் ஒடனே சொல்லு. மூணு நாள் வச்சிக்காத" என்றீர்கள். இப்போது சொல்கிறேன், அக்கா. தெருமுனைக் கடையில் மீதிச் சில்லறை தப்பாகக் கொடுத்தால் சொல்கிறேன். குரல் நடுங்குகிறது. ஆனாலும் சொல்கிறேன்.

வேலை முடிந்ததும் உங்கள் அண்ணன் வாசலிலிருந்து, "மெயினை ஆஃப் பண்ணிட்டு வந்துடும்மா" என்றார். கையை சுவிட்சுக்குக் கொண்டுபோனேன். மெயினை நிறுத்தினால் மூன்று பெட்டியும் அணைந்துவிடும். சுவர்க் கருவிக்கு மட்டும் பேட்டரி இருக்கிறது. இரண்டு கோடு. யாரும் இல்லாத வீட்டில் அது விழித்து விழித்துக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

"இன்னாடி பண்ணிகினு கீற, அவரு நிக்கிறாரு பாரு" என்று அம்மா கூப்பிட்டாள்.

நான் உங்கள் அறைக்குத் திரும்பி வந்தேன். மூடியைக் கழற்றினேன். உட்புறத்தில் ஆடி என்று என் கையெழுத்து இருந்தது. பேட்டரி இரண்டையும் எடுத்துத் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டேன். பிறகு போய் மெயினை அணைத்தேன்.