அகண்டிக்கு நான் சொன்ன பதில்

அன்பு மகள் நின்சீமாவுக்கு,

அன்று காலை எட்டு மணிக்குக் காட்டு வாசலில், வழிகாட்டி அரினாய்ட்வேயிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: ஏழாம் குடிலில் தங்கியிருக்கும் அம்மாளுக்கு இரண்டு நாளாக இருமல், அவரை மேலே கூட்டிப்போகாதே. ஒரே மூச்சில் சொல்லி முடித்திருக்கலாம். சொல்லாததால் என்ன ஆயிற்று என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது, அல்ஜியர்ஸில் வெயில் தணிந்ததா, பழைய வயிற்றுவலி திரும்ப வந்ததா என்று ஒன்றும் கேட்காமல் தொடங்கிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத இந்த முறை எனக்குக் கை வரவில்லை. போனில் பேசியிருக்கலாமே என்பாய். போனை எடுத்ததும் நீ அகண்டி என்பாய், என்ன சேதி என்று. நானும் நிமருங்கி என்பேன், நல்ல சேதிதான் என்று. சாவு வீட்டில்கூட முதலில் நிமருங்கி சொல்லிவிட்டுத்தானே நம் ஆட்கள் அழ ஆரம்பிக்கிறார்கள். அந்தச் சொல் வாயிலிருந்து வந்துவிட்டால் பிறகு மற்றதைச் சொல்ல எனக்குத் தைரியம் இருக்காது. அதனால்தான் தாளை எடுத்தேன்.

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. சித்தி மகள் அத்துஹைரே உனக்கு எல்லாம் எழுதிவிட்டாள் போலிருக்கிறது. மாமா இருமலை மறைத்துக்கொண்டு காட்டுக்குள் போனாராமே, அவரால்தான் அந்தக் கொரில்லாக் குட்டி செத்ததாமே, மிருக வைத்தியம் படிக்கும் நான் கூடப் படிக்கிற பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று கேட்டிருந்தாய். இரண்டு முறை படித்தேன். உன்மேல் தவறில்லை, ஊரே அப்படித்தான் பேசுகிறது. தண்ணீர்க் குழாயடியில் நான் குடத்தோடு போய் நின்றால், வழி விடுங்கடி, கொரில்லாவுக்குச் சளி குடுத்தவனோட அக்கா வர்றா, மூக்கை மூடிக்கங்க என்று சிரிக்கிறார்கள். உன் அத்தை கொபுசிங்கியே எட்டு மாத வயிற்றோடு கோவிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். என் தம்பி துமுசீமே பதினான்கு வருடமாக விடியற்காலையில் அந்தக் காட்டுக்குள் போய், முந்தின நாள் கொரில்லாக்கள் படுத்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தடம் பிடித்துப் போய், விருந்தினர்கள் வரும் நேரத்துக்கு இதோ இங்கே இருக்கின்றன என்று காட்டுகிறவன். குட்டிக்கு முகிஷா என்று பேர் வைத்ததும் அவன்தான். தன் பிள்ளைக்கு வைக்க யோசித்து வைத்திருந்த பேரைத் தூக்கி அதற்குக் கொடுத்துட்டாரு, இனி என் பிள்ளைக்கு மிச்சம் மீதிதான் என்று கொபுசிங்கியே அப்போது கேலி செய்தாள்.

என் வேலை உனக்குத் தெரியும். குடில்களைப் பெருக்குவது, விரிப்பு மாற்றுவது, சாயங்காலம் படுக்கைக்குள் வெந்நீர்ப் பை வைப்பது. குளியலறையில் ஓர் அட்டை தொங்கும், துண்டைக் கொக்கியில் மாட்டினால் நீங்கள் காட்டைக் காப்பாற்றுகிறீர்கள் என்று. விருந்தினர்கள் ஒரு துண்டை மாட்டிவிட்டுத் தொட்டி நிறைய வெந்நீரில் கிடப்பார்கள், அந்த வெந்நீருக்கான விறகை நம் பெண்கள் முதுகில் சுமந்து மேடேறுவார்கள், அதற்கு அட்டை கிடையாது. விட்டுப்போகிற புத்தகங்களை எனக்குத் தருவார்கள். கொரில்லாக்களைப் பற்றி மட்டும் ஒன்பது புத்தகம் படித்துவிட்டேன். அவற்றில் கொரில்லாக்களுக்குப் பேர் இருக்கிறது, தாய் தகப்பன் வழி இருக்கிறது, கோபதாபம் இருக்கிறது. நம் ஆட்கள் உள்ளூர்க்காரன் ஒருவன் என்று ஒரு வரியில் வந்து, புதரை வெட்டி வழி விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். இதை ஆல்வர் அம்மாளிடம் அவர் வந்த அன்றே சொன்னேன். ஏழாம் குடில்காரி அவர்தான், ஸ்வீடனில் பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது வயது இருக்கும். நான் சொன்னதைக் கேட்டு அவர் தலையாட்டவில்லை, மறுக்கவுமில்லை, உன் தம்பி பேர் என்ன, எழுத்துக்கூட்டிச் சொல் என்று கேட்டுத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். இத்தனை வருடத்தில் அப்படிக் கேட்ட ஆள் அவர் ஒருவர்தான். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று, மகளே. அதையும் நான் சொல்லத்தானே வேண்டும்.

திங்கட்கிழமை வந்தார், செவ்வாய்க்கிழமை காலை அவருடைய குப்பைக்கூடையில் மூக்குத் துடைத்த காகிதங்களும் இருமல் மாத்திரை அட்டையும் கிடந்தன. சளி பிடித்தவர் கொரில்லாக்கள் பக்கம் போகக்கூடாது, நமக்கு மூக்கு ஒழுகுவதோடு போகிற நோய் அவற்றைக் கொன்றுவிடும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாலையில் இஞ்சித் தேநீர் கொண்டுபோனபோது இருமினார், நான் பார்த்தேன். அவர் விரலை உதட்டில் வைத்துச் சிரித்தார், திருட்டுத்தனமாகத் தின்பண்டம் எடுக்கும் குழந்தை மாதிரி. என் கணவரும் நானும் பதினோரு வருடம் பேசிப் பேசி வைத்திருந்த பயணம் இது, அவர் போய்விட்டார், நான் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்றார். நான் கீழே வந்து மேலாளர் சாமுவேலிடம் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல், கெம்பாபாஸி, உனக்கு விரிப்பைப் பாக்கிற வேலை, மூக்கைப் பாக்கிற வேலை குடுக்கலியே என்றார். பிறகு தலையைத் தூக்கி, அந்தம்மா நாளைக்குக் காட்டுக்குப் போகலேன்னா ஊருக்குப் போய் நம்ம விடுதியப் பத்தி என்ன எழுதுவாங்கன்னு யோசிச்சியா, எழுதினா முதல்ல யார் வேலை போகும்னு யோசிச்சியா என்றார். யோசித்தேன். இரவெல்லாம் அதைத்தான் யோசித்தேன். என் வேலை போனால் உனக்கு அனுப்புவது நின்றுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னைக் காரணம் காட்டியதற்கு மன்னித்துக்கொள், நீ கேட்காத கடன் அது.

புதன்கிழமை காலை ஆல்வர் அம்மாள் ஊன்றுகோலை மறந்துவிட்டுப் போனார், அதைக் கொடுக்க நானும் காட்டு வாசலுக்குப் போனேன். வழிகாட்டி அரினாய்ட்வே, உனக்குத் தெரியுமே, என்னோடு ஐந்தாம் வகுப்பில் ஒரே பலகையில் உட்கார்ந்தவன், விருந்தினர்கள் ஒவ்வொருவரையும் உடம்பு எப்படி என்று ஆங்கிலத்தில் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தான். எல்லோரும் நன்றாக இருக்கிறேன் என்றார்கள், ஆல்வர் அம்மாளும்தான். பிறகு என் பக்கம் திரும்பி நம் பேச்சில், அகண்டி, விடுதியம்மா, மாடி வீட்டுச் சேதியெல்லாம் எப்படி என்றான், சிரித்துக்கொண்டே. நானும் நிமருங்கி என்றேன். அவன் விசாரித்தான், நான் வணக்கத்துக்கு வணக்கம் சொன்னேன், இரண்டுக்கும் நம்மிடம் ஒரே சொல்தான் இருக்கிறது. இப்படி எழுதி நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அவன் கையில் பேனா இருந்ததை நான் பார்த்தேன். நான் சொன்னதும் அது தாளில் நகர்ந்ததையும் பார்த்தேன். திருத்திச் சொல்ல அவகாசம் இருந்தது, ஆல்வர் அம்மாள் என் கையிலிருந்து ஊன்றுகோலை வாங்கித் தட்டிக்கொடுத்தார், நான் திரும்பி நடந்தேன்.

மேலே நடந்ததைத் தம்பி சொல்லித்தான் தெரியும். செங்குத்தான இடத்தில் அந்த அம்மாளைக் கையைப் பிடித்து அவன்தான் ஏற்றிவிட்டிருக்கிறான். முகிஷா தாயின் முதுகிலிருந்து இறங்கி அவர்கள் பக்கமே வந்ததாம். அவர் படம் எடுக்க முகக்கவசத்தைக் கழற்றினாராம், அம்மா, போடுங்க, போடுங்க என்று இவன் கத்தி அவர் போடுவதற்குள் இரண்டு முறை இருமிவிட்டாராம். தூசி தொண்டைக்குள்ள போயிருக்கும்னு நெனச்சேன் அக்கா என்று என்னிடம் சொன்னான். சனிக்கிழமை இவனுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. அன்றைக்கே காட்டிலாகா அலுவலகத்துக்குப் போய், எனக்குச் சளி, நான் காட்டுக்குள்ள போகமாட்டேன் என்று தன் கையால் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டான். அத்துஹைரேயிடம் சொல், உன் மாமா ஒன்றையும் மறைக்கவில்லை. இந்தக் கதையில் தனக்குச் சளி என்று வாய் திறந்து சொன்ன ஒரே மனிதன் அவன்தான். அந்தப் புதன்கிழமையிலிருந்து பதினோராம் நாள் முகிஷா செத்தது. தாய் அதை நான்கு நாள் கீழே போடாமல் தூக்கிக்கொண்டு திரிந்ததாம். விசாரணை என்று வந்தபோது, கொரில்லாக்கள் பக்கம் போனவர்களில் யாருக்குச் சளி இருந்தது என்று தேடினார்கள். எழுத்தில் ஒருவனுக்குத்தான் இருந்தது. சனிக்கிழமை சொன்னவனுக்குப் புதன்கிழமையே இருந்திருக்கும், சம்பளம் போய்விடும் என்று மறைத்திருப்பான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். விடுதியில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை என்று சாமுவேல் எழுதிக் கொடுத்தார். ஆல்வர் அம்மாளுக்கு நான் இரண்டு கடிதம் எழுதினேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. அவர் நோட்டில் தம்பியின் பேர் இன்னும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதால், தம்பி தினமும் காலையில் என் வாசல் வழியாகத்தான் வயலுக்குப் போகிறான். அகண்டி அக்கா என்கிறான். நிமருங்கி என்கிறேன். நேற்று கொஞ்சம் நின்று, அக்கா, நீ அவ்வளவு படிச்சவ, எனக்காக ஒரு மனு எழுதித் தாயேன், நல்ல இங்கிலீஷ்ல, இவனுக்கு அன்னிக்கு ஒண்ணுமில்லன்னு அவங்களுக்கு உறைக்கிற மாதிரி என்றான். எழுதித் தருகிறேன் என்றேன். மனு எழுத உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். அவனுக்கு இன்னும் தெரியாது. நாளை திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போய் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுவது என்று இருக்கிறேன். பிறகு அவனிடம். உன்னிடம் முதலில் சொல்வது எளிது, நீ பாலைவனத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறாய்.

மற்றபடி உருளைக்கிழங்கு இந்த முறை நன்றாக விளைந்திருக்கிறது, கீழ்ப்பாத்தியை யானை மிதித்துவிட்டது. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது. வெறும் ரொட்டியைத் தின்று படிக்காதே, அங்கே கேழ்வரகு கிடைத்தால் களி கிண்டிச் சாப்பிடு, வயிறு தாங்கும். உன் மாமாவுக்கு உன் கையால் ஒரு கடிதம் எழுது, அத்துஹைரே சொன்னதை நம்பியதற்கு மன்னிப்புக் கேள், அதை நான் உனக்காகக் கேட்க முடியாது. நீ படித்து முடித்து எந்த மிருகத்தைத் தொட்டாலும் அது பிழைக்கட்டும், உன் கையில் கடவுள் இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, இது உன் கைக்குக் கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை நான் போன் செய்யும்போது அகண்டி என்று ஆரம்பிக்காதே. என்னம்மா நடந்தது என்று கேள்.

உன்னைப் பெற்றவள்,
கெம்பாபாஸி

இதைத் தபாலில் சேர்க்காமல் ஆறு நாள் வைத்திருந்துவிட்டேன், மேலும் கொஞ்சம் எழுதுகிறேன். திங்கட்கிழமை போய்ச் சொன்னேன். அதிகாரி ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். விருந்தினர் அனைவரும் நலம், விடுதிப் பணியாளர் கெம்பாபாஸி கூறியது என்று அரினாய்ட்வேயின் கையெழுத்தில் இருந்தது. அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா, தம்பிக்கு அக்கா பேசாம வேற யாரு பேசுவா என்றார். மாலையில் சாமுவேல் குடில் சாவிகளை வாங்கிக்கொண்டார். தம்பியிடம் நான் சொல்வதற்குள் அரினாய்ட்வே சொல்லிவிட்டிருந்தான். புதன்கிழமை தம்பியை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். இன்று காலை தேயிலைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குக் கிளம்பினான், பாயும் ஒரு பையும் எடுத்துக்கொண்டு. நான் வாசலில்தான் நின்றிருந்தேன். அவன் அகண்டி என்று கேட்காமல் போனான்.