வெற்றிலையோடு வந்த வட்டா

அக்கா,

போன வெள்ளிக்கிழமை உங்கள் பெட்டகத்தைத் திறந்தோம். களவு போய்விட்டது என்று நீங்கள் சொன்ன வட்டா, வெற்றிலை வைத்து நீட்டும் அந்தக் கால் வைத்த பித்தளைத் தட்டு, அடியில், உங்கள் கூறைச்சேலைக்குள் சுற்றிக் கிடந்தது.

திறந்தது உங்கள் மகள் சுபாதான். கலியாணத்துக்கு முன் தாயின் பெட்டகத்தைத் திறந்து, வீட்டோடு சேர்ந்து மகளுக்குப் போகவேண்டியதை எடுத்து வைக்கவேண்டும். நீங்கள் கண்மூடி எட்டு மாதமாகிறது. அதனால் தாய்மாமன் என்று நான் பக்கத்தில் நின்றேன். மூடியைத் தூக்கியதும் வசம்பும் பழைய பட்டும் கலந்த மணம் வந்தது. அதற்குள் இன்னொரு மணம், புளி போட்டுத் துலக்கிய பித்தளையின் மணம். சேலையை விரித்தால், நேற்றுத் துலக்கியதுபோல் வட்டா மின்னுகிறது. பித்தளையோடே சீவித்தவன் நான், அது கறுத்திருக்கவேண்டும். பட்டுக்குள் காற்றுப் படாமல் இருந்தால் கறுக்காது என்று சுபாவுக்குச் சொன்னேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதைத்தான்.

வட்டாவின் காலில் நூலால் ஒரு கடதாசித் துண்டு கட்டியிருந்தது. உங்கள் சரிந்த எழுத்து. நாகம்மா என்ற பெயர், வாவிக்கு அப்பால் படுவான்கரையில் அவருடைய ஊர், அதற்குக் கீழே ஒரு வரி: 'இது வித்த சாமான் இல்லை.'

துறையடியில் நான் தராசோடு நின்று பித்தளை வாங்கிய நாட்களைப் பற்றி நீங்களும் நானும் பிறகு ஒருநாளும் பேசியதில்லை. வாவிக்கு அந்தப் பக்கத்துச் சனம் சண்டைக்குப் பயந்து தோணி தோணியாக இக்கரைக்கு வந்த காலம். ஓடுகிறவர்களுக்குப் பித்தளை பாரம், எனக்கு அது முதல். வீடும் வளவும் உங்களுக்கென்று ஆனபிறகு, எனக்கு இருந்தது ஒரு சைக்கிளும் அந்தத் தராசும்தான். இன்று என் பெயரில் இருக்கும் இரண்டு கடைகளும் அந்தத் துறையடியில் முளைத்தவை. இதில் மறைக்க ஒன்றுமில்லை. நீங்கள் எனக்குச் சோறு கொண்டுவருவீர்கள். வந்தால் வீட்டுக்குத் திரும்பமாட்டீர்கள். இறங்குகிற சனத்துக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

நாகம்மா அப்படி வந்து இறங்கியவர். கூட, அவரைவிட உயரமாய் வளர்ந்த மூத்த மகன். மடியிலிருந்து வட்டாவை எடுத்தார். நல்ல பழைய வார்ப்பு, கால் மட்டுமே ஒரு சாண். நான் கை நீட்டினேன். அவர் தரவில்லை. இடுப்பிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து அதில் வைத்தார்.

"வெறும் வட்டா கைமாத்த மாட்டம் தம்பி. இதைப் போடுங்க. காலம் திரும்பினா காசைத் தந்திட்டு எடுத்துக்குவன்."

பழக்கதோஷம். யார் வட்டாவை நீட்டினாலும் வெற்றிலையை எடுத்து வாயில் போட்டு வளர்ந்தவர்கள் நாம். போட்டேன். மென்றுகொண்டே நிறுத்தேன். எடைக்கல் இருந்த தட்டின் விளிம்பில் என் சுண்டுவிரல் இருந்தது. அது அந்த நாட்களில் எப்போதும் அங்கேதான் இருக்கும்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டீர்கள்: "வெத்திலையை என்னத்துக்குடா போட்டாய்?"

"அவ தந்தா, நான் போட்டன். அதுக்கென்ன?"

"அவ சொன்னதுக்கு ஓமெண்டு போட்ட வெத்திலை அது. இனி அது உன்ர இல்ல."

"நீங்க சும்மா இரிங்க கா. கொழும்பில இதுக்கு நல்ல விலை போகும்."

"உன்ர விரலையும் கண்டனான்," என்றீர்கள்.

அடுத்த கிழமை, உங்கள் வீட்டில் வைத்திருந்த வட்டா களவு போய்விட்டது என்றீர்கள். தெருவில் நின்று கத்தினேன். நீங்கள் முற்றம் கூட்டிக்கொண்டே, முகத்தில் ஒரு சுழிப்பும் இல்லாமல், "எடுத்த ஆள் நல்லா இரிக்கட்டும்" என்றீர்கள். நாலு மாதம் உங்கள் வாசல் படலையை நான் மிதிக்கவில்லை.

இப்போது சுபா உங்கள் குணத்தைக் காட்டுகிறாள். துண்டை வாசித்தாள், பெட்டகத்தைப் பூட்டினாள், சாவியை இடுப்பில் செருகினாள். "ஆக்கள்ர சாமானைத் தெரிஞ்சுகொண்டு வச்சிட்டு நான் மணவறையில குந்த மாட்டன் மாமா. குடுத்திட்டு வாங்க, மறுகா கலியாணத்தைப் பாப்பம்."

இந்தக் கலியாணம் ஏற்கெனவே இரண்டு தரம் தள்ளிப்போனது. முதல்தரம் பந்தற்காலோடு வெள்ளம் வந்தது. இரண்டாம்தரம் மாப்பிள்ளையின் தமையன் மோட்டார் சைக்கிளால் விழுந்து கால் முறிந்தது. மூன்றாவதாக நாள் குறித்த அன்று காலை வாவிக் கரை முழுக்க மீன் செத்து ஒதுங்கியிருந்தது. வெக்கைக்கு மீன் சாகும், நான் சகுனம் பார்க்கிற ஆள் இல்லை. ஆனால் அன்று முதல் என் சுண்டுவிரல் விறைத்துக் கிடக்கிறது. டொக்டர் நரம்பு என்கிறார்.

இப்போது பாலம் இருக்கிறது. கால் மணித்தியாலத்தில் அக்கரைக்குப் போய்விட்டேன். அந்த அம்மா உயிரோடு இருக்கமாட்டார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், இருக்கக்கூடாது என்று நினைத்தேன். இருந்தார். வாசலில் பாய் விரித்து, இந்த வருகைக்குக் காத்திருந்தவர்போல் இருந்தார். வட்டாவை முன்னால் வைத்து, கலியாணத்தையும் சுபாவின் சொல்லையும் சொன்னேன். அவர் அதைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார்.

"ரெண்டு பொடியனையும் கொழும்புக்கு அனுப்பத்தான் இதைக் கொண்டு வந்தனான்," என்றார். "லொறிக்காரன் கேட்டதுக்கு உங்கட காசு ஒராளுக்குத்தான் போதுமாயிரிந்திச்சு. இளையவனை ஏத்தினன். மூத்தவன் பிறகு வாறன் எண்டு நின்டான். மறுகா அவனை ஒருத்தரும் காணல்ல."

"எவ்வளவு குறைஞ்சது?" என் வாய் வியாபாரி வாய், கேட்டுவிட்டது.

"ஒள்ளுப்பம்தான் தம்பி, கொஞ்சக் காசு."

ஒரு சுண்டுவிரல் எவ்வளவு நிறுக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும், அக்கா? அவருக்கும் தெரியுமா என்று கேட்காமல், கொண்டுபோன காசுக் கட்டை எடுத்து வைத்தேன். அதை வட்டாவோடு சேர்த்து என் பக்கம் தள்ளினார்.

"இதை வச்சிட்டு ஓடப் பாக்கிறீங்க. குடுத்தது தெருவில. வாங்குறது சபையில."

களவு என்று நீங்கள் சொன்ன அந்தப் பொய்தான் இந்தப் பொருளை எனக்கு எட்டாமல் இவ்வளவு காலம் காத்தது. உங்கள் "விரலையும் கண்டனான்" இப்போது இந்த விறைத்த விரலில் இருக்கிறது. எங்கே போனாலும் கூடவே வருகிறது.

பேசி முடித்தது இதுதான், அக்கா. காசு ஒரு சதமும் இல்லை. கலியாணம் குறித்த நாளில். சபையில் முதல் வெற்றிலை மாப்பிள்ளை வீட்டாருக்கு இல்லை, நாகம்மாவுக்கு. அந்த வட்டாவில், என் கையால். அவர் எடுத்து வாயில் போட்டால், வட்டாவை மடியில் வைத்துக்கொண்டு இருந்து பார்ப்பார், தாலி ஏறும். எடுக்காமல் எழும்பினால், ஏன் எடுக்கவில்லை என்று நான் என் வாயால் சபைக்குச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பந்தலில் ஒன்றும் நடக்காது. எதைச் செய்வார் என்று அவர் சொல்லவில்லை. டெலிபோனில் கேட்டதும் சுபா ஓம் என்றுவிட்டாள். மாப்பிள்ளைக்கும் அவளே சொல்லிவிட்டாள். நானும் ஓம் என்றேன், நாகம்மா நீட்டிய வெற்றிலையை வாங்கி, இந்த முறை தெரிந்துகொண்டு, மென்றபடி.